யாழ்ப்பாணத்தில் புயலைத் தேடிப் போகலாமா?

எழுதியவர்: அரியாலை இளையவன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் மாரியில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி முல்லைத்தீவையோ திருகோணமலையையோ நோக்கி வருமானால், அதை வீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருக்காமல் வெளியே சென்று பார்க்கவும் படம் பிடிக்கவும் நானும் நண்பர்கள் சிலரும் எண்ணியிருக்கிறோம். எங்களிடம் நல்ல ஒளிப்படக் கருவி ஒன்றும், மோட்டார் சைக்கிள்களும், தேவைப்பட்டால் இரவல் வாங்கக்கூடிய ஒரு சிறிய வான் வண்டியும் உண்டு. மணற்காட்டுக் கடற்கரை, தொண்டைமானாறு, பண்ணைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம் ஆகிய இடங்களை மனதில் குறித்து வைத்திருக்கிறோம்.

இந்த ஆசை நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் ஒக்லஹோமா, கன்சாஸ் மாநிலங்களில், இடிமுகிலிலிருந்து நிலத்துக்கு இறங்கும் சுழற்காற்றைத் தேடி வாகனங்களில் செல்பவர்களின் காணொளிகளைப் பாடசாலைக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். அவர்களுள் பலர் வேறு தொழில் பார்ப்பவர்கள். ஆர்வம் ஒன்றினாலேயே வானத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள். இங்கே ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில், பூநகரிப் பக்கமாக முகில் கறுத்து எழுந்து, கடல்நீரேரி முழுவதும் ஈயநிறமாகி, அதுவரை இலைகூட அசையாமல் புழுங்கிக்கொண்டிருந்த காற்றுத் திடீரெனக் குளிர்ந்து முகத்தில் அடிக்கும்போது எனக்குள் உண்டாகும் கிளர்ச்சியை வேறு எதுவும் தருவதில்லை. அதே வானம் ஒரு சூறாவளியின்போது எப்படி இருக்கும் என்பதை ஒரு முறையாவது வெளியில் நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நம் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட எவருக்கும், அதைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் கோபம் வருவது இயல்பே. அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் காரணங்களோடு கூடிய பதில் ஒன்று எனக்கு வேண்டும். இத்தகைய பயணத்தில் உண்மையாகவே உயிரைக் கொல்வது எது? அமெரிக்காவில் செய்யக்கூடியதை இங்கே செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது? நாங்கள் எடுக்கும் படங்களாலும் குறிப்புகளாலும் யாருக்காவது பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாயிருப்பேன்.

எழுதியவர்: கோண்டாவில் புவியியல்

தம்பிக்கு வணக்கம். புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் ஆசையில் ஒளித்து வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இந்த வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் டேவிட் ஹோட்லி, 1956 இல் வட டக்கோட்டாவின் பிஸ்மார்க் நகரில் புயல்களைப் பின்தொடரத் தொடங்கியபோது பாடசாலை மாணவர். 1977 இல் அவர் தொடங்கிய செய்திமடல்தான் தனித்தனியே அலைந்துகொண்டிருந்த ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தது. 1973 மே 24 ஆம் திகதி ஒக்லஹோமாவின் யூனியன் சிற்றி என்ற ஊரைச் சுழற்காற்றுத் தாக்கியபோது, நோர்மன் நகரிலுள்ள தேசியக் கடும்புயல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்கள் அருகில் நின்று அதன் போக்கைப் படம் பிடித்தார்கள். அதே வேளையில், முகிலுக்குள் காற்றின் வேகத்தை அளக்கும் டொப்ளர் ராடர் பதிவு செய்திருந்த தரவோடு அந்தப் படங்களை வைத்து ஆராய்ந்தபோதுதான், சுழற்காற்று நிலத்தைத் தொடுவதற்கு முன்னரே அதன் அடையாளம் முகிலுக்குள் தெரிகிறது என்பது புலப்பட்டது. நேரில் சென்று பார்த்தவர்களின் கண்கள் அறிவியலுக்கு உதவியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவர்கள் துரத்துவது வேறு, நமக்கு வருவது வேறு. அமெரிக்கச் சமவெளியில் வசந்த காலத்தில் எழும் பெரிய இடிமுகில், சில பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தனி உருவம். அதற்கு ஒரு வெளிப்புறம் உண்டு. வெயில் படும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, அது தன் வழியில் போவதைச் சில கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். பெரும்பாலும் அது வடகிழக்கு நோக்கியோ கிழக்கு நோக்கியோ நகரும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அதன் தென்கிழக்கில் நின்றுகொண்டு, தெற்கே தப்பிச் செல்வதற்கு ஒரு தெருவை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பார்கள். சதுரம் சதுரமாக வெட்டப்பட்ட தெருக்கள் அங்கே அதற்கு இடம் கொடுக்கின்றன.

வங்காள விரிகுடாவில் உருவாகும் சூறாவளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தது. நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை; அதன் மையம் திருகோணமலைக்கு அப்பால் இருக்கும்போதே நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். வெளியே நின்று பார்ப்பதற்கு ஒரு விளிம்பு இல்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்றால், கிடையாக அடிக்கும் மழை, சில நூறு மீற்றருக்குள் அடங்கிப்போன பார்வை, இரவானால் முழு இருட்டு. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது இரவு வேளையில்தான். அதன்பின் அது மன்னார் வளைகுடாப் பக்கம் சென்று வலுவிழந்து அங்கேயே தரித்து நின்றபோது, காற்று ஓய்ந்துவிட்டது என்று எண்ணியிருந்த குடாநாட்டில் மழை விடாமல் பெய்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2008 நவெம்பரில் நிஷாவும் அப்படித்தான். தாழமுக்கமாக இலங்கைக்கு மேல் நின்றபோதே யாழ்ப்பாணத்தை மூழ்கடித்துவிட்டுப் பின்னர்தான் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்தது. டித்வாவைக் காற்றின் வேகத்தைக் கொண்டு அளந்தால் அது கடுஞ்சூறாவளி என்ற வகைக்குள்ளேயே வராது. மண்சரிவும் வெள்ளமுமே மிகப் பலரைக் கொன்றன. ஆகவே காற்றைப் படம் பிடிக்கப் போகிறவர் தண்ணீரில்தான் அகப்படுவார்.

அடுத்தது தப்பும் வழி. குடாநாட்டிலிருந்து வாகனம் வெளியேறுவதற்கு ஆனையிறவு, சங்குப்பிட்டி என்று இரண்டே பெருவழிகள் இருக்கின்றன. இரண்டும் நீருக்கு நடுவே செல்பவை. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துக்குள் போய்விட்டால் திரும்புவதற்கும் அதே பாலந்தான். நீங்கள் குறித்து வைத்திருக்கும் இடங்கள் எல்லாம் அழகானவை என்பதை நான் அறிவேன். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் பின்னுக்குப் போக இரண்டாவது தெரு இல்லை.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கு நீரிணைப் பகுதி மிகவும் ஆழம் குறைந்தது. ஆழக்கடலில் காற்றுத் தள்ளும் நீர் அடியால் திரும்பிச் சென்றுவிடும்; ஆழமற்ற கடலில் அதற்குப் போக இடமில்லாமல் கரையில் ஏறிவிடும். 1964 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ஒரு புகைவண்டியையும் கொண்டுபோனது அப்படி ஏறிய கடல்தான். அதே சூறாவளியில் நம் வடபகுதிக் கரைகளும் பெருஞ்சேதம் அடைந்தன. எந்தக் கரையில் நீர் ஏறும் என்பது மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் அரைக்கோளத்தில் தாழமுக்கம் இடது கைப்பக்கம் இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை பலமாக வீசும்போது அது தென்கிழக்கே முல்லைத்தீவுக் கடலில் இருக்கிறது. வடமராட்சி கிழக்குக் கரை அடி வாங்கும். காற்றுத் தென்கிழக்குக்குத் திரும்பினால் அது மன்னார் வளைகுடாவுக்குள் போய்விட்டது. அப்போது குருநகர், பாசையூர்ப் பக்கம் கடல்நீரேரி கரையேறும். படம் எடுக்க நல்ல இடம் என்று காலையில் தெரிவு செய்த கரை, மாலையில் மிக மோசமான இடமாக மாறியிருக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் மிகுந்த அனுபவமும் எச்சரிக்கையும் உடையவர்களையே இது கொன்றிருக்கிறது. ரிம் சமராஸ் என்ற பொறியியலாளர், 2003 ஜூன் 24 ஆம் திகதி தென் டக்கோட்டாவின் மன்செஸ்ரர் என்ற சிற்றூரில் தம் கருவியைச் சுழற்காற்றின் பாதையில் வைத்து, அதற்குள் அமுக்கம் 100 மில்லிபார் அளவுக்குச் சரிந்ததைப் பதிவு செய்தவர். அவரும், அவருடைய மகனும், அவர்களோடு சென்ற ஆய்வாளர் ஒருவரும் 2013 மே 31 ஆம் திகதி ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் இறந்தார்கள். அன்றைய சுழற்காற்று 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, திசையை மாற்றி, வேகத்தையும் கூட்டிக்கொண்டது. மழைத்திரை அதன் விளிம்பை மறைத்திருந்தது. அந்தச் சுழற்காற்றில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களுக்குள் இருந்தவர்கள். அங்கே அரிதாக நிகழும் இந்த நிலை, அதாவது எதிரே வருவது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிலை, நமது சூறாவளியில் ஒவ்வொரு முறையும் உள்ள நிலை.

எழுதியவர்: வடமராட்சிக் கரை

தம்பி, ஆசிரியர் ஐயா சொன்னதோடு கடற்றொழில் செய்யும் ஊரிலிருந்து நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

புயலுக்கு முன்னைய நாள் எங்கள் கரை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெயில் எறிக்கும். காற்று அதிகம் இராது. ஆனால் தூரத்தே எங்கோ கிளம்பிய அலை, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டு, கனமாக வந்து கரையில் விழத் தொடங்கும். வயதானவர்கள் அந்த ஓசையைக் கேட்டே வள்ளங்களை மேலே இழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதன்பின் இரவாகும் வரை எல்லோருக்கும் வேலை. வெளியிணைப்பு இயந்திரங்களைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். வலைகளைச் சுருட்ட வேண்டும். வாடிகளின் கூரைத் தகரங்களுக்கு மேல் மணல்மூட்டை ஏற்ற வேண்டும். ஒரு வள்ளத்தைத் தூக்க எத்தனை தோள்கள் வேண்டும் என்று அன்றைக்கு வந்து பார்த்தால் தெரியும்.

அந்த நேரத்தில்தான் படம் பிடிப்பவர்கள் வந்து இறங்குவார்கள். எல்லோரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாரியில், எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டுக் கூரை கழன்று, அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடும்போது, வெளியூரிலிருந்து வந்த சில இளைஞர்கள் ஒழுங்கையின் நடுவே வாகனத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அதைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். வழிவிடச் சொன்ன பிறகுதான் வாகனம் நகர்ந்தது. அந்தப் படம் அன்றிரவே இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணுக்குப் போனது. அழுதுகொண்டு போன அந்தத் தாயிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அலையோடு விளையாடுவதும் அப்படித்தான். கரையில் நின்று படம் எடுக்கும்போது காலடியில் மணல் அரிந்து ஒருவர் விழுந்துவிட்டால், கடலுக்குள் இறங்குவது கடற்படையோ காவல்துறையோ அல்ல. அவர்கள் வருவதற்கு முன் எங்கள் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். விழுந்தவர் யார், ஏன் வந்தார் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கம் கடற்கரையில் கிடையாது. உங்கள் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைத்து வருகிறவர்கள், பெயர்கூடத் தெரியாத இன்னொருவரின் மகனையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

வர வேண்டும் என்று ஆசை இருந்தால் முதல்நாள் காலையில் வாருங்கள். படமும் எடுங்கள், வள்ளத்துக்கும் ஒரு தோள் கொடுங்கள். மாலைக்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.

எழுதியவர்: அரியாலை இளையவன்

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக் கூரை கழன்ற அந்தச் சம்பவத்தை வாசித்தபோது மனம் கனத்தது. நாங்கள் அப்படி நடந்துகொள்ள மாட்டோம் என்று சொல்வது எளிது. ஆனால் நாங்கள் அங்கே நிற்பதே இடைஞ்சலாகலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு விடயத்தை மட்டும் இன்னும் விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தாம் கண்டதை உடனுக்குடன் வானிலை அலுவலகத்துக்கு அறிவிக்கிறார்கள், அதனால் எச்சரிக்கைகள் திருத்தமாகின்றன என்று வாசித்திருக்கிறேன். இங்கே எவரும் வெளியே போகவே கூடாது என்றால், நம் ஊரின் புயல்களைப் பற்றி நமக்கு நேரடியாகத் தெரிந்தது எப்படிப் பெருகும்? வீட்டுக்குள் இருந்துகொண்டு கொழும்பும் சென்னையும் சொல்வதைக் கேட்பதோடு நம் பங்கு முடிந்துவிட வேண்டுமா?

எழுதியவர்: ரொறன்ரோவில் இருந்து கொக்குவிலான்

இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டணம் செலுத்தி, வழிகாட்டிகளோடு சமவெளி மாநிலங்களுக்குச் சென்ற ஒருவன் நான்.

காணொளிகள் காட்டாததை முதலில் சொல்கிறேன். பெரும்பாலான நேரம் வாகனத்துக்குள் உட்கார்ந்திருப்பதிலேயே போகும். காலையில் வழிகாட்டி வானிலை வரைபடங்களைப் பார்த்து, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும் எங்கே சந்திக்கும் என்று கணித்து, ஒரு நகரத்தின் பெயரைச் சொல்வார். அங்கே போய்ச் சேர்வதற்கு அரைநாள் ஆகும். பிறகு ஏதோ ஒரு பெற்றோல் நிலையத்தின் வெளியே மாலை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பல நாட்களில் முகில் எழுந்து சிதறிவிடும். அடுத்த நாள் இன்னொரு மாநிலம்.

ஒரு மாலையில் அந்த முகில் எழுந்தது. அதை விவரிக்க முயல்கிறேன். அடிப்பகுதி கருநீலமாகவும் மேலே காலிபிளவர் போன்ற வெண்மையாகவும் இருந்த அந்த முழு உருவமும் மிக மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் புற்கள் எல்லாம் முகிலை நோக்கிச் சாய்ந்திருந்தன. காற்று எங்கள் முதுகைத் தள்ளி அதற்குள் போய்க்கொண்டிருந்தது. எவரும் பேசவில்லை. அன்று சுழற்காற்று இறங்கவில்லை, ஆனாலும் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. ஆகவே இந்த ஆசை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நான் பயந்தது முகிலுக்கு அல்ல. எங்களைச் சுற்றி இருந்த தெரு, நல்லூர்த் தேர் அன்று பருத்தித்துறை வீதி இருப்பதுபோல வாகனங்களால் நிறைந்திருந்தது. ஒரு கையில் கைத்தொலைபேசியோடு ஓட்டுபவர்கள், எதிர்ப்பக்கத்தால் முந்துபவர்கள், நடுத்தெருவில் இறங்கி நிற்பவர்கள். எங்கள் வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னது, இந்தத் துறையில் இறப்பவர்கள் பெரும்பாலும் வீதி விபத்தில் இறக்கிறார்கள் என்பதையே. 2022 ஏப்ரல் இறுதியில் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் மாணவர்கள் மூவர், கன்சாஸ் சென்று சுழற்காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஈரத்தெருவில் வாகனம் வழுக்கி இறந்தார்கள். புயல் முடிந்துவிட்டது, வீடு திரும்புகிறோம் என்ற நேரம் அது. இரவு, களைப்பு, ஈரத்தெரு ஆகிய மூன்றும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அவற்றோடு கட்டாக்காலி மாடுகளும் உண்டு.

தன்னார்வலர்களைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்த நாட்டில் ஸ்கைவோர்ன் என்ற அமைப்பின் கீழ் பயிற்சி பெற்றவர்களுள் மிகப் பலர் எங்கும் துரத்திச் செல்வதில்லை. தம் ஊரில், தம் வயலில், தம் வீட்டு வாசலில் நின்று பார்த்ததை அறிவிக்கிறார்கள். காணொளியில் வருவது துரத்துபவர்கள் என்பதால் நாம் அவர்களை மட்டும் அறிந்திருக்கிறோம்.

எழுதியவர்: மின்கம்பப் பணியாள்

மாரிக்காலத்தில் அறுந்த கம்பிகளைத் திருத்தும் வேலை செய்கிறேன். நான் நாள்தோறும் காண்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஊர் முழுவதும் இருட்டாக இருப்பதால் கீழே கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணாதீர்கள். ஒரு பகுதியில் தடைப்பட்ட மின்சாரம் எந்த நேரமும் திரும்ப வரலாம். ஏதாவது ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேற்றரிலிருந்து முறையற்ற இணைப்பினால் கம்பிக்குப் பாயவும் கூடும். அந்தக் கம்பி வெள்ளத்துக்குள் கிடந்தால் உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. கிடுகு வேலியிலும் தகரப் படலையிலும் சாய்ந்து கிடக்கும் கம்பிகளை எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம்.

வெள்ளத்தில் தெரு எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிய முடியாது. நம் தோட்டங்களில் கட்டு இல்லாத துரவுகளும் தாழ்ந்த கட்டுள்ள கிணறுகளும் எவ்வளவு இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் நிறைந்தால் அவையும் தரையும் ஒரே மட்டம். ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்ரிமீற்றர் இருந்தாலே ஒருவரைச் சரித்துவிடும். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். மதவுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது மோட்டார் சைக்கிளில் கடக்க முயல்பவர்களைக் கண்டால் எங்களுக்குக் கைகால் பதறும்.

காற்று மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 120 ஆகும்போது அதன் தள்ளும் வலு நான்கு மடங்காகிறது. அந்தக் காற்றில் காவோலையும் பனம் மட்டையும் பறந்து வரும். கூரைத் தகரம் வந்தால் கழுத்து மட்டத்தில் வரும். தலைக்கவசத்தால் அதைத் தடுக்க முடியாது.

எழுதியவர்: கோண்டாவில் புவியியல்

தம்பி, நம் பங்கு என்ன என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது நியாயமன்று. கொக்குவிலார் எழுதியது அதற்குப் பாதிப் பதில். மீதியை நான் சொல்கிறேன்.

சூறாவளிக்கு வெளியே போகாதீர்கள். அதை வீட்டில் இருந்து அளந்து பாருங்கள். ஒரே அகலமுள்ள நேரான பாத்திரத்தில் மழைமானி செய்து முற்றத்தில் வெளியான இடத்தில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்திலேயே மழைநாளைக் கணக்கிடுகிறது என்பதால் ஒப்பிட முடியும். உங்களில் ஒருவர் அரியாலையிலும் ஒருவர் வடமராட்சியிலும் ஒருவர் தீவகத்திலும் இதைச் செய்தால், ஒரே தாழமுக்கம் குடாநாட்டின் மூன்று மூலைகளில் எவ்வளவு வேறுபாடாகப் பெய்கிறது என்பது தெரியவரும். அத்தகைய தொடர்ச்சியான பதிவு பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்களுக்கும் உதவும், பிரதேச செயலகத்துக்கும் உதவும்.

இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் அமுக்கத்தை அளக்கும் உணரி உண்டு. அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நம்முடைய அகலக்கோட்டில் அமுக்கம் நாள்தோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்து, பின்னேரம் நான்கு மணியளவில் மூன்று நான்கு மில்லிபார் தாழ்வது வழக்கம். அதைக் கண்டு புயல் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இன்று காலை பத்து மணி அளவை நேற்றைய பத்து மணி அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த வேறுபாடு கூடிக்கொண்டே போனால், முதலில் எழுதிய காற்றுத்திசை விதியையும் சேர்த்து, மையம் எங்கே, நெருங்குகிறதா விலகுகிறதா என்பதை மின்சாரமும் இணையமும் இல்லாத இரவிலும் நீங்களே கணிக்கலாம். காற்றுத் திடீரென நின்று வானம் தெளிந்தால் மையமே மேலே வந்திருக்கிறது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வலுவோடு மீண்டும் அடிக்கும். அந்த இடைவேளையில் வெளியே போகக் கூடாது என்பதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

ராடர் படங்களைப் பொறுத்தவரை, நமக்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்கால் ராடரின் வீச்சுக்குள் குடாநாடு வருகிறது. பூமியின் வளைவு காரணமாக அது நமக்கு மேல் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மழையையே காண்கிறது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை நிலத்தில் நிற்கும் நீங்கள்தான் சொல்ல முடியும். உங்கள் பங்கு என்ன என்று கேட்டீர்கள்; இது அதில் ஒன்று.

படம் பிடிப்பதற்கு ஐப்பசி மாதத்து இடிமுகிலே போதும். அதற்கு ஒரு வெளிப்புறம் உண்டு, வன்னியில் எழுந்து வரும்போது நீரேரிக்கு இப்பால் இருந்து முழு உருவத்தையும் காணலாம். ஆனால் மின்னலுக்கு முகிலின் விளிம்பு எல்லையல்ல. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, இடைவெளி முப்பது வினாடிக்குக் குறைந்தால் கருவியை மடித்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி மூடிய உலோகக் கூரை வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பாதுகாப்புத் தர மாட்டா. பனைக்குக் கீழே நிற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதியவர்: அரியாலை இளையவன்

மிக்க நன்றி ஐயா. சங்குப்பிட்டியையும் மணற்காட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். மழைமானியை இந்தக் கிழமையே தொடங்குகிறோம். ஊர்காவற்றுறையிலுள்ள நண்பர் ஒருவரும் சம்மதித்துவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும். இடிமுகிலைப் பார்க்கக் கோட்டையின் மதில் உகந்ததா? அங்கிருந்து தெற்கே நீரேரி முழுவதும் தெரிகிறது.

எழுதியவர்: கோண்டாவில் புவியியல்

முகில் பூநகரிக்கு அப்பால் நிற்கும் வரை மதிலில் நின்று பாருங்கள், அதைவிட நல்ல காட்சி நகரத்தில் இல்லை. முதல் இடியோசை காதில் விழுந்ததும் முப்பது வினாடிக் கணக்கையும் பாராமல் இறங்கிவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் அந்த மதிலில் நிற்பவரைவிட உயரமான பொருள்கள் அதிகம் இல்லை. வாகனத்தை மதிலடியில் நிறுத்தி வையுங்கள்.